உயிர்வாழ் சான்று

நவம்பர் முழுக்க என் மேசையை நோக்கி
ஒரு டிவிஷன் நடந்து வருகிறது.
குச்சி ஊன்றி, மருமகள் தோளைப் பிடித்து,
ஒருவர் ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் படுத்தபடி.
இன்னும் உயிரோடு இருப்பதாக ஒரு கையெழுத்து.
ரேகை தேய்ந்தவர்களுக்குக் கருவிழி.

பீரோவில் அதன் பழைய ஆட்கள்.
சுபேதார் வேதாசலம் எங்கெங்கோ அலைந்து
கையால் படியெடுத்துத் தந்த நோட்டு.
முதல் பக்கம் கும்பினிக் காலம்,
இதோ எதிரே தெரிகிற கோட்டை,
புதுத் தொப்பி வந்த வருஷம்.
மஸ்தான் என்று ஒரு பெயர். எதிரே ஒன்றுமில்லை.
அவனுக்குக் கீழே ஏழு பேர், எதிரே ஒன்றுமில்லை.
மூலத்தை எழுதியவனுக்கு மை தீர்ந்திருக்கலாம்,
அல்லது கை.
அந்தப் பட்டாளத்தின் எண்ணை அடித்துவிட்டு
வேறு எண் கொடுத்தார்களாம்.
எண்ணுக்கும் மானம் உண்டென்று
அப்போதே யாரோ நம்பியிருக்கிறார்கள்.

வேறு எண், வேறு கொடி, வேறு ராசா.
பஸ்ராவுக்குக் கப்பல் ஏறியபோது
கோவேறு கழுதைகளுக்குத் தனிப் பத்தி:
வயது, நிறம், பல் எத்தனை, சுபாவம் எப்படி.
துரைக்கண்ணுவுக்கு நிறம் மட்டும்.

பர்மாவிலிருந்து தேசிங்கு திரும்பியது எண்பத்தாறு ராத்தல்.
காட்பாடியில் இறங்கி ஊருக்கு வண்டி கேட்டானாம்.
"மூட்டைக்கு எட்டணா. நீ பாதி மூட்டைகூட இல்லியே"
என்று நாலணாவுக்கு ஏற்றிக்கொண்டான் வண்டிக்காரன்.
இதையும் எழுதிவைத்திருக்கிறார் சுபேதார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

நாற்பத்தேழில் பாகப்பிரிவினை.
பேண்டு வாத்தியத்தில் கொம்புகள் இங்கே,
பெரிய மேளம் அங்கே.
வெள்ளிக் கரண்டிகளை ஒன்றுவிட்டு ஒன்று எண்ணினார்கள்.
ஒரே கூடாரத்தில் குறட்டை விட்டவர்கள்
பதினெட்டு வருஷம் கழித்து
பைனாகுலரில் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்கு நடுவில் அறுபத்திரண்டு.
பனிமலைக்குக் கேன்வாஸ் பூட்ஸ்.
அக்னி நட்சத்திரத்தில் வெறுங்காலோடு
பாலாற்று மணலைத் தாண்டிய கால்கள்.
எத்திராஜுக்குப் பத்தில் மூன்று விரல் மிச்சம்.
ஏழு விரலுக்கு எவ்வளவு என்று
ஒரு ஜி.ஓ. இருக்கிறது.
நான்தான் கணக்குப் போட்டேன்.

நீரில்லாத ஆறு, சாமியில்லாத கோயில் என்று
எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள்.
ஆறு சில வருஷம் ஓடுகிறது. சாமி திரும்பி வந்துவிட்டார்.
சாத்துப்பேட்டையில் மட்டும்
பொங்கலுக்குப் பானை இறக்க
நாலு தெருவுக்கு ஓர் ஆம்பளை.

ஒன்று கவனித்தேன்.
பஸ்ரா, பர்மா, பனிமலை,
எங்கேயும் எதிராளி கடைசியாக என்ன சொன்னான் என்று
எங்கள் ஆட்களுக்குத் தெரியாது.
அதில் ஒரு சௌகரியம் இருந்திருக்கிறது.

பிறகு யாழ்ப்பாணம்.
பனங்காணி வேலியோரம்
ஒரு பையன் இரண்டே சொல் சொன்னான்.
நாயக் முனிரத்தினத்துக்குப் புரிந்துவிட்டது.

என்ன சொல் என்று ஃபைலில் இல்லை.
ஒவ்வொரு நவம்பரும் வருகிறார்.
என் மேசைமேல் இருக்கும் தண்ணீர் பாட்டிலை
என் பக்கமாக நகர்த்திவைத்துவிட்டுத்தான்
நாற்காலியில் உட்காருகிறார்.

இப்போது அந்த டிவிஷன் எங்கே நிற்கிறது?
ரகசியம் என்கிறார்கள்.
எண் மறுபடியும் மாறப்போகிறதாம்,
ஆள் குறைப்பு, டிரோன், என்னென்னவோ.

காலையில் ஐந்தே கால் பஸ்ஸிலிருந்து பார்க்கிறேன்.
அகழியோரம் பையன்கள் ஓடுகிறார்கள்.
ஆயிரத்து அறுநூறு மீட்டர், ஐந்தரை நிமிஷம்.
மூன்றாவதாக மூச்சிரைப்பவன் என் தங்கை மகன், கோகுலவாணன்.
நாலு வருஷ வேலை. முடிந்ததும் மொத்தமாக ஒரு தொகை.
பென்ஷன் கிடையாது.

அப்படியென்றால்
நவம்பரில் இவர்கள் என் மேசைக்கு
வரவேண்டியதில்லை.
உயிரோடு இருப்பதை
யாருக்கும் காட்டவேண்டியதில்லை.